ராணி இல்லாத பெட்டிக்குள் ராணி

இன்று காலை புத்தூர் மாந்தோப்பில் ஒரு தேனீப் பெட்டியைத் திறந்தேன். மூடியின் உள்பக்கம் ‘ராணி இல்லை’ என்று என் கையெழுத்திலேயே இருந்தது. அந்தக் கூட்டத்தைப் பக்கத்துப் பெட்டியோடு சேர்த்துவிடத்தான் போயிருந்தேன்.

உள்ளே தேனடை கட்டியிருந்த மரச்சட்டத்தைத் தூக்கினால், ராணி நிதானமாக நடந்து போய்க்கொண்டிருக்கிறாள்.

பெட்டிக்குள் பார்த்ததை அதன் மூடியிலேயே எழுதிவிடுவது என் வழக்கம். நேற்று மழையில் நனைந்த மூடிகளைக் கழற்றிக் காயவைத்தவர் என் வீட்டுக்காரர். கூப்பிட்டுக் கேட்டேன்.

“மூடி எல்லாம் ஒரே சைஸு தானே? எத எது மேல வெச்சா இன்னா?”

“அதுல நான் எழுதிக்கீறேன் இல்ல? சேர்த்திருந்தா ரெண்டு ராணியும் சண்ட போட்டுக்கினு ஒண்ணு செத்திருக்கும்.”

கொஞ்சம் யோசித்தார். “அப்போ நிஜமா ராணி இல்லாத பெட்டி எது?”

அதைத்தான் ஒவ்வொன்றாகத் திறந்து மதியம் வரை இரண்டு பேரும் தேடினோம். கடைசி வரிசையில் கிடைத்தது.

அதோடு விடவில்லை. பெயிண்ட் வாங்கி வந்து எல்லாப் பெட்டிகளுக்கும் உடம்பிலேயே எண் போட்டேன். இனி என் கையில் தேன் ஒட்டியிருந்தாலும் கவலையில்லை. நான் எண்ணைச் சொல்லி, பெட்டிக்குள் பார்த்ததைப் பேசுவேன். அவர் செல்போனைப் பிடித்துப் பதிவு செய்வார்.

வீட்டுக்கு வந்து சமையலறையைப் பார்த்தேன். அங்கேயும் டப்பாக்களின் பெயரை மூடியில்தான் எழுதி வைத்திருக்கிறேன். பாத்திரம் கழுவி அடுக்குவது அவர்.

பெயிண்ட் மிச்சம் இருக்கிறது. உங்கள் வீட்டில் சர்க்கரை எந்த மூடிக்குக் கீழே இருக்கிறது?