யானைக்கும் பிடிக்காத வைன்

சத்தியமாகச் சொல்லுறன், இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. பொய்யென்றால் மிச்ச ஆயுளுக்கு எங்கட வைனை மட்டுமே நான் குடிக்கக் கடவேன். வைன் வடிப்பது என்பது, பழத்தைப் பழுதாக்கிவிட்டு, அது பழுதில்லை என்று ஊரை நம்பவைக்கிற தொழில். விலைப்படாத சாமானோடு வெயிலில் நின்று களைத்தவர்களுக்கு என்ர நோவு விளங்கும்.

தர்மபுரத்தில் இதைத் தொடங்கியவர் திலகன். பிரான்சில் கோப்பை கழுவிச் சேர்த்ததையெல்லாம் பீப்பாய்களில் கொட்டினார். நானும், முன்பு கள்ளுச் சீவிய சின்னராசாவும் வேலையாட்கள். பழத்துக்குக் காடு இருந்தது. குடிக்கத்தான் ஆளில்லை.

ஒட்டுகிற வைன்

முதலில் பாலைப்பழ வைன். பாலைப்பழம் தின்றவர்களுக்குத் தெரியும், அதன் பால் உதட்டில் பிசினாக ஒட்டும். வைனாக்கினால் போய்விடும் என்று திலகன் நினைத்தார். போகவில்லை. ஊரிலேயே பெரிய வாய்க்காரரான ஒரு தரகர் ஒரு கிளாஸ் குடித்தார். உதடு இரண்டும் பூட்டிக்கொண்டன. நல்லெண்ணெய் தடவித் திறக்கப் பின்னேரமாகிவிட்டது.

அடுத்த நாள் அவரின் மனுசி சைக்கிளில் வந்து இறங்கினா. சண்டைக்கென்று நாங்கள் ஒதுங்கி நிற்க, அவா சொன்னா: "தம்பி, அதில ரெண்டு போத்தல் தாங்கோ. கலியாணம் கட்டி இவ்வளவு காலத்தில நேற்றுத்தான் நான் ஒரு கதை முழுசாக் கதைச்சு முடிச்சனான்."

யானை

அடுத்தது நாவல்பழ வைன். கறுப்பு நிறம், நாக்கைச் சுருட்டுகிற துவர்ப்பு. புளித்த வாசத்துக்கு ஒரு கொம்பன் யானை வேலியைப் பிரித்து வந்து, பீப்பாய்க்குள் தும்பிக்கையை விட்டு ஒரு வாய் குடித்தது. சம்பந்தம் பேச வந்து காரியம் பிடிக்காதவர்கள் தேத்தண்ணியை வைத்துவிட்டுப் பார்ப்பார்களே, அப்படி என்னைப் பார்த்தது. பிறகு பிரித்த வேலியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனது.

கேள்விப்பட்டு அக்கராயனில் இருந்து ஒரு கமக்காரர் உழவு இயந்திரத்தோடு வந்து ஒரு பீப்பாய் கேட்டார். திலகனுக்கு முகம் மலர்ந்தது. கமக்காரர் சொன்னார்: "குடிக்க இல்லைத் தம்பி. வயல் வரம்பைச் சுத்தி ஊத்தத்தான்."

சுண்ணாம்பு

கடைசியாக வவுனியாவில் ஒரு ஹோட்டல் முதலாளி, ஒரு பீப்பாய் நல்ல வைன் காட்டினால் வருசம் முழுக்க எடுப்பதாகச் சொன்னார். அது சரிவராவிட்டால் தொழிலைப் பூட்டுவதுதான் என்றார் திலகன். நாவல்பழத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பொறுக்கினார். பீப்பாயைக் கழுவும் வேலை சின்னராசாவுக்கு.

பழத்தைப் பிழிந்து ஊற்றிய பிறகு, காலையில் எழும்பினால் திலகன் பீப்பாயில் காதை வைத்துக் கேட்பார். நுரை பொங்குகிற சத்தமே இல்லை. உள்ளே கையை விட்டுப் பார்த்தால் வெள்ளையாகச் சுண்ணாம்பு. பனங்கள்ளு புளிக்காமல் கருப்பணியாக, பதநீராக இனிக்க வேண்டுமென்றால் மரத்தில் கட்டுகிற முட்டிக்குள் சுண்ணாம்பு பூசுவார்கள். சின்னராசா பீப்பாய்க்கும் பூசியிருக்கிறான். கேட்டதற்குச் சொன்னான்: "புளிச்சுப்போச்செண்டுதானே ஒருத்தரும் வாங்கேல்லை? அதுதான் இந்தமுறை புளிக்காமல் பாத்தனான்."

வவுனியாக்காரர்

காட்ட வேறு வைன் இல்லை. ஹோட்டல் முதலாளி வந்து கதிரையில் இருந்துவிட்டார். திலகன் அதையே ஊற்றிக் கொடுத்தார். மனிசன் கண்ணை மூடி நிதானமாகக் குடித்தார்.

அவர் சிரித்தபடி கிளாஸை வைத்தார். "சோக்கான ஜூஸ். வெயிலுக்கு நல்ல இதம். சரி, இனி வைனைக் கொண்டு வாங்கோ."

இப்போது அந்தப் பீப்பாய்களில் மழைத்தண்ணி பிடிக்கிறோம், எங்கட சரக்கில் ஊர் குறை சொல்லாமல் குடிப்பது அது ஒன்றைத்தான். இதையெல்லாம் ஆர் சொன்னதெண்டு மட்டும் ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ. திலகன் அடுத்த வளவில்தான் இருக்கிறார், இதை நினைத்து இன்னும் சிரிக்கத் தொடங்கவில்லை.