இரண்டு கையாலும் நீட்டிய கத்தி

எனக்கு எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. கோணல்மாணலாக இருந்தாலும், முன்னது பின்னதாக வந்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். மறதியும் கூடிவிட்டது. ஜப்பானில் நின்றது ஐந்து நாளா ஆறு நாளா என்று கேட்டால் முழிப்பேன்.

மொன்றியலில், ஜான்-டலோன் சந்தைக்குக் கிட்ட, தம்பியும் நானும் மீன் கடை வைத்திருக்கிறோம். அவன் முன்னுக்கு நின்று விற்பான், நான் பின்னுக்கு நின்று வெட்டுவேன். ஆட்களோடு கதைக்க எனக்குக் கூச்சம். தம்பிக்குக் கோபம் வந்தால் வாயை முந்திக் கை வரும். மீன் இறக்க வந்த லொறிக்காரனை ஐஸ் அள்ளுகிற இரும்புக் கரண்டியால் அடித்துப் பல்லை உடைத்தான். எனக்கும் சில தரம் விழுந்திருக்கிறது. அறுபது கடந்த ஆள், தன் அக்காவை அடிக்கிறான் என்று யாரிடம் சொல்வது? வீட்டில் மகள் கேட்டால், பெட்டி தட்டிவிட்டது என்பேன்.

ஒசாக்காவில் ஒரு பட்டறையில் கத்திகள் எடுத்து, இங்குள்ள தமிழ்க் கடைகளுக்கு விற்கலாம் என்பது அவன் திட்டம். அந்தப் பட்டறைக்காரர், வெட்டுகிற ஆளைப் பார்க்காமல் கத்தி கொடுக்கமாட்டாராம். அப்படித்தான் நானும் வியாபாரத்துக்கென்று விமானம் ஏறினேன். வழி முழுக்க என் மனதில் ஒன்றே ஒன்று: அந்நிய ஊரில், அத்தனை பேர் முன்னால், இவன் என்மேல் கை வைக்கக்கூடாது.

ரயில் நிலையத்தில் இறங்கியதும் திகைத்துப்போனேன். அவ்வளவு சனம் ஓடுகிறது, ஒருவர் வாயிலும் சத்தமில்லை. சப்பாத்துகள் மட்டும் தகரத்தில் கல் விழுவதுபோல் இரைந்தன. நகரும் படிக்கட்டில் எல்லோரும் வலப்பக்கம் ஒதுங்கி நின்றார்கள். தம்பி சூட்கேசோடு இடப்பக்கத்தை மறித்தான். பின்னால் வந்த மனிதர் மெல்ல ஏதோ சொன்னார். தம்பி முழங்கையால் அவர் நெஞ்சில் இடித்தான். அவருடைய கண்ணாடி விழுந்து படியின் பல்லுக்குள் அகப்பட்டு நொறுங்கியது.

"என்னடா செய்தனி?"

"உவர் என்னை இடிச்சவர்."

"அந்தாள் உன்னைத் தொடவேயில்லை."

"வாயைப் பொத்திக்கொண்டு வாணை."

வெளியே பட்டறைக்காரர் அனுப்பிய பெண் காத்திருந்தாள். மொன்றியலில் சில வருடம் படித்தவள், பிரெஞ்சு தெரியும். எனக்கும் சந்தைப் பிரெஞ்சு போதும். நேரம் இருக்கிறது, ஊரைப் பாருங்கள் என்று எங்களை நடத்திக்கொண்டு போனாள். ஒரு கடை முகப்பில் வானளவு நண்டு காலை ஆட்டிக்கொண்டிருந்தது. பொம்மைதான். எனக்கு அது சுடுதண்ணீரில் போட்ட நண்டுபோலவே இருந்தது.

மீன் சந்தையில் ஒருவர் உயிர் விலாங்கைப் பலகையில் வைத்துத் தலையில் ஆணி அறைந்தார். ஒரே அடி. அது அவர் கையைச் சுற்றிக்கொண்டது. அவர் அதை உதறவுமில்லை, ஒரே இழுவையில் பிளந்தார். பிளந்த பிறகும் துடித்தது. முப்பது வருடம் மீன் வெட்டியவள் நான். எனக்கு வருவதோ ஐசுக்குள் செத்துக் கிடக்கும் மீன்.

"பாத்தியேணை அக்கா? நீ ஒரு மீனுக்கு மந்திரம் ஓதி முடிக்கிறதுக்குள்ள அந்தாள் பத்து முடிச்சிடும்."

"உன்னை அதில கிடத்தினா அந்தாளுக்கு ஒரு ஆணி காணாது."

சிரித்தான். அந்தப் பயணத்தில் நாங்கள் விட்ட பகிடி அது ஒன்றுதான்.

பட்டறை ஒரு குறுகிய ஒழுங்கைக்குள் இருந்தது. சம்மட்டி விழும்போதெல்லாம் நிலம் அதிர்ந்தது. பட்டறைக்காரர் முதியவர், கையெல்லாம் நெருப்புச் சுட்ட தழும்பு. மேசையில் ஒரு சிவப்பு மீனை வைத்தார். பிறகு கத்தியை இரண்டு கையிலும் ஏந்தி, குனிந்து, என்னிடம் நீட்டினார்.

எங்கள் ஆட்கள் கத்தியைக் கைக்குக் கை கொடுப்பதில்லை. கொடுத்தால் பகை வரும். ஒருவர் கீழே வைக்க, மற்றவர் எடுக்க வேண்டும். என் கை எழும்பவில்லை. பக்கத்தில் நின்ற அந்தப் பெண்ணிடம் பிரெஞ்சில் விளக்க அந்த அவசரத்தில் வார்த்தை வரவில்லை, அங்கே வையுங்கள் என்று மேசையைத் தட்டிக் காட்டினேன். அவருக்கு விளங்கவில்லை. முகம் சிவந்தது. குனிந்தபடியே நின்றார்.

"வாங்கணை," என்றான் தம்பி.

"கையில வாங்கக்கூடாது தம்பி. வைக்கச் சொல்லு."

"உந்த விசர்க்கதையை இஞ்ச கொண்டு வராதை. வாங்கு!"

"அவர் வைக்கட்டும், எடுக்கிறன்."

பிடரியில் விழுந்தது அடி. நான் கத்தியின் மேலேயே போய் விழுந்தேன். இடது முன்கை பிளந்தது. முதலில் நோகவில்லை, உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. பிறகு இரத்தம் மீன்மேல் ஊற்றியது. முதியவர் கத்தினார். அந்த ஊரில் நான் கேட்ட ஒரே கத்தல் அது. தம்பியின் சட்டையைப் பிடித்துச் சுவரோடு மோதினார், சுவரில் தொங்கிய குறடுகள் எல்லாம் அவன் தலையில் கொட்டின. பிறகு தன் தலைத் துண்டை அவிழ்த்து என் கையை இறுக்கிக் கட்டினார்.

ஆஸ்பத்திரியில் தைக்கும்போது, ஏன் கத்தியைக் கையில் வாங்கவில்லை என்று, கூட வந்திருந்த அந்தப் பெண் கேட்டாள். சொன்னேன். அடுத்த நாள் அவள் ஹோட்டலுக்கு வந்து, துணியில் சுற்றிய கத்தி ஒன்றை என் கையில் தராமல் மேசையில் வைத்தாள். இப்படி வைக்கும்படி பட்டறைக்காரர் சொன்னாராம். தம்பிக்கு ஒரு கத்தியும் கிடையாது என்றும் சொன்னாராம்.

மொன்றியலுக்கு வந்து, "அக்கா தடக்கி விழுந்திட்டா" என்று தம்பி எல்லோருக்கும் சொன்னான்.

தையல் பிரித்த பிறகு கடைக்குப் போனேன். இடது கை சரியாக மடங்கவில்லை, வேலை மெதுவாகத்தான் நடந்தது. ஒரு மத்தியானம், முன்னுக்கு ஆட்கள் காத்து நிற்கிறார்கள் என்று தம்பி இரும்புக் கரண்டியை ஓங்கிக்கொண்டு வந்தான். நான் பட்டறைக்காரர் தந்த அந்தக் கத்தியைப் பலகையில் வைத்தேன். பிடி அவன் பக்கம்.

"எடு," என்றேன். "கையில தரேல்லை, கீழதான் வைச்சிருக்கிறன். எடுத்து இதையும் வெட்டு." என் கையை மீனுக்குப் பக்கத்தில் நீட்டினேன்.

அவன் கத்தியைப் பார்த்தான். தழும்பைப் பார்த்தான். ஐஸ் பெட்டியை உதைத்து உடைத்துவிட்டு முன்னுக்குப் போய்விட்டான். அதற்குப் பிறகு என்மேல் கை வைக்கவில்லை. நான் வெட்டாத நேரமெல்லாம் கத்தி பலகையில்தான் கிடக்கும், பிடி அவன் பக்கமாக.

மகளே, இதைத் திருத்தி எழுதும்போது அந்த ஒசாக்காப் பெண்ணுக்கு ஒரு கடிதம் போட்டுக் கேள். விலாசம் என் பழைய கைப்பையில் இருக்கிறது. எத்தனை தையல், எத்தனை நாள் நின்றோம், அது என்ன மீன் என்றெல்லாம் கேள். நான் தடக்கி விழுந்தேனா என்றும் கேள். எனக்குத் தெரியும். ஆனாலும் பக்கத்தில் நின்று பார்த்தவள் சொல்லட்டும்.