கிணற்றடியில் மூன்று கண்ணாடிகள்

வாங்கிப் பார்த்த கண்ணாடி மூன்றும் கிணற்றடியில் தோற்றன.

பம்புசெட் கம்பெனிக்குச் சாமான் தேர்ந்தெடுப்பது என் பிழைப்பு. விற்கிறவன் ஏ.சி. அறையில் காட்டுவான், நாம் வெயிலில் மாட்டுவோம். அனுபவித்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

பழனிசாமி எங்கள் மூத்த ஃபிட்டர். இடுப்பு உடைந்துவிட்டது. தலையில் மாட்டும் கண்ணாடித் திரை சரிப்பட்டால், பெரியநாயக்கன்பாளையம் ஆபீசில் உட்கார்ந்தபடியே, தோட்டத்தில் நிற்கும் ஃபிட்டர் முருகேசுக்கு ஒயரிங் படம் காட்டி வழி சொல்லலாம். சரிப்படாவிட்டால் அவர் வேலை போய்விடும்.

முக்காடு

முதலில் ஓ.எல்.இ.டி. திரை. அறையில் கறுப்பு கறுப்பாக, சிவப்பு சிவப்பாக இருந்தது. நானே மயங்கிவிட்டேன். மதுக்கரைப் பக்கம் உச்சி வெயிலில் படமே காணோம். முருகேசு தலைத்துண்டை அவிழ்த்துக் கண்ணாடிமேல் முக்காடு போட்டான். படம் தெரிந்தது, மோட்டார் மறைந்தது.

"இப்படியே நடந்தா கிணத்துக்குள்ள போயிருவனுங்க."

வானவில்

அடுத்தது எல்காஸ் என்ற திரை. வெயிலுக்கு ஓரளவு தாங்கியது. ஆனால் மூன்று நிறங்களையும் ஒன்றன்பின் ஒன்றாக வேகமாகக் காட்டிக் கண்ணை ஏமாற்றும் வகை அது. தலை அசைந்தால் நிறம் பிரிந்துவிடும். நம் ஊர்க்காரன் தலையாட்டாமல் பேச்சுக் கேட்பானா? பழனிசாமி சொல்லச் சொல்ல முருகேசு "சரிங்க, சரிங்க" என்று ஆட்டினான். கோடெல்லாம் வானவில். ஆட்டாதே என்றேன்.

"பெரியவரு பேசறப்ப கல்லாட்ட நிக்கறதுங்களா?"

பச்சை

கடைசியாக மைக்ரோ எல்.இ.டி. வெயிலையே முறைக்கும் வெளிச்சம். ஆட்டினாலும் நிறம் பிரியாது. பிரிய நிறமே இல்லை. எங்களுக்குக் கட்டுப்படியான மாடலில் எல்லாமே பச்சை. சிவப்பு, மஞ்சள், நீல ஒயர்களில் எது எங்கே என்று தெரியாமல் முருகேசு மாற்றிக் கொடுத்துவிட்டான். மோட்டார் பின்பக்கமாகச் சுற்றியது. குழாய் முனகியது. தோட்டக்காரர் எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, மோட்டாருக்கும் என்னையாட்ட வயசாயிப்போச்சுங்களா?"

நாற்காலி

கண்ணாடிகளைத் திருப்பி அனுப்பக் கட்டினேன். பழனிசாமி ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழுந்தார். டிராயிங் செக்‌ஷன் ஸ்டெல்லா அவரை உட்காரச் சொல்லிவிட்டு, படத்தில் ஒவ்வொரு கோட்டின்மேலும் அதன் நிறத்தின் பெயரை எழுதினாள். பச்சையிலேயே படிக்கலாம். பச்சைக் கண்ணாடியை மட்டும் கட்டிலிருந்து பிரித்தேன். அடுத்த தோட்டத்தில் மோட்டார் நேராகச் சுற்றியது. பழனிசாமி இன்னும் அதே நாற்காலியில்தான் இருக்கிறார். கண்ணாடியில் இருக்கும் கேமரா வழியாக அங்கே நடப்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஒரே ஒரு குறைதான் சொல்கிறார்.

"அவன் தலையாட்டறதுல எனக்குத்தானுங்க கிறுகிறுங்குது."

நான் திரையைத் திரையோடு ஒப்பிட்டுக்கொண்டே இருந்தேன். படத்தைத் திருத்தியவள் ஸ்டெல்லா.