கிளட்ச்சுக்கு வைத்த பொட்டு

வில்லாபுரத்தில் ஒருவரிடம் பழைய கார் வாங்கினேன். "வெள்ளிக்கெழம தவறாம பூச போட்ட வண்டிண்ணே. ஒரு கொறையும் வராது" என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தார். சமயநல்லூர் தாண்டுவதற்குள், கிளட்ச்சை மிதிக்கும்போதெல்லாம் எலிக்குஞ்சை நசுக்கியதுபோல் கீச்சென்று சத்தம் வரத் தொடங்கியது.

வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தேன். பழங்காநத்தத்தில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் சீட்டைப் பின்னால் தள்ளி, தலையை உள்ளே விட்டுப் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். குனிந்தேன். பெடல் அசையும் மூட்டில் சந்தனமும் குங்குமமும் எண்ணெய்ப் பிசுக்கோடு விரற்கடை கனத்துக்கு அப்பிக் கிடந்தன. அதில் தலைமுடி, செத்த எறும்பு, மக்கிய பூநார். வாரா வாரம் பழைய பொட்டைத் துடைக்காமல் அதன் மேலேயே புதுப் பொட்டு வைத்திருக்கிறார் அந்த மனிதர். பொட்டு வைத்த அதே பெடலைத்தான் தினமும் செருப்புக் காலால் மிதித்திருக்கிறார். இதற்குப் பெயர் பக்தியாம்.

"எம்புட்டு அழுக்குண்ணே" என்று முனகியபடி மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினார். கட்டி கட்டியாக உதிர்ந்து கீழே விழுந்தது. மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து கிரீஸ் வைத்தார். மிதித்துப் பார்த்தேன். சத்தமே இல்லை. நிம்மதியாக இறங்கிப் போய்க் கை கழுவிவிட்டு வந்தேன்.

கடைச் சாமி படத்துக்கு முன்னாலிருந்த குங்குமக் கிண்ணத்தோடு அவர் மறுபடி காருக்குள் குனிந்திருந்தார். விரல் அதே மூட்டில் இருந்தது.

"வேல நல்லபடியா முடிஞ்சிருச்சுல்லண்ணே. ஒரு பொட்டு வச்சு விட்டுர்றேன்" என்றார்.