இரண்டு பேருக்கான கார்

எண்பத்து மூன்று கலவரத்தில் அண்ணனுக்கு மிஞ்சியது ஒரு கார்தான். கொழும்பு வெள்ளவத்தையில் அவர் வாடகைக்கு இருந்த வீட்டை எரித்துவிட்டார்கள். உடுப்பு, சான்றிதழ்கள், கலியாணத்துக்கென்று சேர்த்து வைத்திருந்த சாமான்கள் எல்லாம் அதற்குள் போயின. அகதிகளோடு கப்பலில் வடக்கே காங்கேசன்துறையில் வந்து இறங்கியவர், யாரோ கொடுத்த சாரத்தை உடுத்துக்கொண்டு உடுவிலில் எங்கள் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வந்தார். கார் மட்டும் பிரேக் பழுதென்று அவருடைய சிங்கள நண்பர் ஒருவரின் கராஜில் நின்றதால் தப்பியிருந்தது.

சில மாதங்கள் கழித்து அந்த நண்பர் தானே அதை ஓட்டிக்கொண்டு வந்து சேர்த்தார். இங்கிலாந்தில் செய்த கார். கரும்பச்சை நிறம், கம்பிச் சில்லுகள், துணிக்கூரை. இரண்டு பேர்தான் இருக்கலாம். ஏறி இருந்தால் றோட்டிலேயே சப்பாணி கட்டி இருப்பதுபோல இருக்கும். தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது விற்றதை அண்ணன் வாங்கியிருந்தார். அண்ணன் கொழும்பில் ஒரு கப்பல் கம்பனியில் கணக்காளராக இருந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் உடம்பெல்லாம் கிறீஸ் பூசிக்கொண்டு அதற்குக் கீழே கிடப்பாராம்.

நண்பர் எங்கள் வீட்டில் இடியப்பமும் சொதியும் சாப்பிட்டார். ஐயாவைப் பார்த்து, "அங்கிள், எனக்கு வெக்கமா இருக்கு" என்று கொச்சைத் தமிழில் சொன்னார். ஐயா ஓய்வுபெற்ற தபாலதிபர். யாரையும் சங்கடப்படுத்தத் தெரியாதவர். "இன்னும் ரெண்டு இடியப்பம் போடு பிள்ளை" என்று என்னிடம் சொன்னார்.

ரயிலுக்குப் புறப்படும்போது நண்பர் அண்ணனிடம், "பிரேக் கவனம் மச்சான். சாமான் நான் அனுப்புறன்" என்றார். ஒருமுறை பிரேக்குக்கான ரப்பர் வளையங்கள் ஒரு பார்சலில் வந்தன. பிறகு சண்டையால் ரயிலும் நின்றது, தபாலும் ஒழுங்காக வருவதில்லை என்றாகிவிட்டது.

அம்மா முன்னரே காலமாகிவிட்டதால் வீட்டில் நாங்கள் மூன்று பேர். நான் பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றில் கணிதம் படிப்பித்தேன். அண்ணன் எங்கள் ஊருக்குக் கிட்டவுள்ள திருநெல்வேலிச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு கடையில் கணக்கு எழுதப் போனார். பேசி வைத்திருந்த கலியாணம் பெண் வீட்டார் கனடாவுக்குப் போனதோடு முடிந்தது. மாடில்லாத மாட்டுக்கொட்டிலில் காரை நிறுத்தினார். வேலையால் வந்து தேத்தண்ணி குடித்ததும் அங்கே போய்விடுவார்.

"காரைச் சரிப்பண்ணிப்போட்டுக் கொழும்புக்குப் போவன்" என்று முதல் ஒன்றிரண்டு வருடம் சொன்னார். பிறகு அந்தப் பேச்சை நிறுத்திவிட்டார். வேலையை நிறுத்தவில்லை.

பிரேக் வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே இருந்து மிதிக்க வேண்டும். மற்றவர் சில்லுக்குப் பின்னால் கிடந்து சிறிய மூக்கொன்றைத் திறந்து, குழாய்க்குள் இருக்கிற காற்றை வெளியே விட வேண்டும். மிதிக்கிற ஆள் நான்.

"அமத்து."

"அமத்திட்டன்."

"பிடிச்சுக்கொள்... பிடிச்சுக்கொள்... ஆ, இப்ப விடு."

ஒரு பின்னேரம் முழுக்க இப்படியே போகும். கடைசியில் மிதி கல்லுப்போல நிற்கும். அண்ணன் எழும்பி வந்து தானும் ஒருமுறை மிதித்துப் பார்த்துத் தலையை ஆட்டுவார். அடுத்த கிழமை மிதித்தால் கால் நேரே தரைக்குப் போகும். ரப்பர் பழசாகி எண்ணெய் கசிந்திருக்கும். மறுபடியும் அமத்து, பிடி, விடு.

தொண்ணூறில் சண்டை திரும்பத் தொடங்கியதும் பெற்றோல் வராமல் நின்றது. பற்றரியையும் அரசாங்கம் தடை செய்தது. பிரேக் எண்ணெய் என்று கேட்டால் கடைக்காரர் சிரித்தார். அண்ணன் ஆமணக்கெண்ணெயில் ஸ்பிரிட்டைக் கலந்து தானே ஒன்றைச் செய்தார். பழைய காலத்தில் அப்படித்தான் செய்தார்களென்று எங்கோ வாசித்திருந்தாராம். மழைக்காலத்தில் அது இறுகிப்போகும். சில்லுகளின் கம்பி முறிந்த இடங்களில் மோட்டார் சைக்கிள் கம்பியை வெட்டிப் போட்டார். அது நீளமும் காணாது, பலமும் காணாது. துணிக்கூரை கிழிந்தபோது உரப்பையைத் தைத்துக் கொடுத்தேன்.

பலாலி ஆமிக் காம்ப் பக்கமிருந்து வந்த செல் ஒன்று வளவுக்குள் விழுந்த அன்று நாங்கள் பதுங்கு குழிக்குள் இருந்தோம். வெளியே வந்து பார்த்தால் வீட்டில் யன்னல் கண்ணாடிகள்தான் போயிருந்தன. கொட்டிலின் கிடுகுக்கூரை எரிந்துகொண்டிருந்தது. கிணற்றடியிலிருந்து வாளி வாளியாக அள்ளி ஊற்றினோம். சிறிய இரும்புத்துண்டு ஒன்று காரின் முன்பக்கத்தைத் துளைத்து ரேடியேற்றருக்குள் போயிருந்தது. தண்ணீர் மெல்லிய நூலாக ஓடி மண்ணை நனைத்தது. அண்ணன் அதைக் குந்தியிருந்து பார்த்தார். முந்தின நாள்தான் அதைக் கழற்றிக் கழுவிப் பூட்டியிருந்தார்.

"பிள்ளை, மஞ்சள் தூள் இருக்கோ?"

"ஏன், காயம் பட்டிட்டுதோ?"

"எனக்கில்லை."

ஓட்டையை ஈயம் உருக்கி அடைத்துவிட்டு, சமையல் மஞ்சளைத் தண்ணீரில் கரைத்து உள்ளே ஊற்றினார். மிஞ்சிய சிறு கசிவுகளை அது அடைக்குமாம். கொஞ்சக் காலம் அடைக்கவும் செய்தது. அதற்குப் பிறகு எஞ்சின் சூடாகினால் கொட்டிலுக்குள் கறி வாசம் வரும்.

ஐயாவுக்குப் பாரிசவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்தன. பேச்சும் குழறியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் பிரயோசனமில்லாமல் திரும்பக் கொண்டுவந்தோம். ஒருநாள் அவரைக் காரில் ஏற்றி அண்ணன் எங்கள் பக்கத்துக் கொழும்புத்துறைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனார். கார்பரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு ஒழுங்கையால் போனது. நான் சைக்கிளில் பின்னால் போனேன். காரால் என்னை விட்டுத் தூரம் போக முடியவில்லை.

கடலைப் பார்த்து ஐயா ஏதோ சொன்னார். எங்கள் இருவருக்கும் விளங்கவில்லை. திரும்பும்போது கார் ஸ்ராட் ஆகவில்லை. வெங்காயம் ஏற்றிப்போன உழவு மெசின் ஒன்று கயிறு கட்டி இழுத்து வந்தது. வழி நெடுக ஐயா இடது கையால் கதவைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தார். சந்தோஷப்பட்டாரா, பயந்தாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அன்று பின்னேரம் நான் கேட்டேன். "ஏன் அண்ணை உதோட மினக்கெடுறியள்? உது ஓடப்போறேல்லை."

"தெரியும்."

"பிறகேன்?"

"வேற என்னத்தைத் திருத்தச் சொல்லுறாய்?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஸ்பனரைத் துடைத்து வைத்தார். "கொஞ்சம் வந்து மிதி."

போய் மிதித்தேன். எனக்கு அதில் நம்பிக்கை இருந்ததில்லை. பாடப்புத்தகமில்லாமல் படிப்பித்துவிட்டு வருவேன். பிறகு வந்து அமத்துவேன், விடுவேன். நாட்கள் அப்படித்தான் போயின.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில், ஆமி நெருங்குகிறது, எங்கள் ஊர் அடங்கிய வலிகாமத்தை விட்டு எல்லாரும் வெளியேற வேண்டுமென்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஐயாவை எப்படிக் கொண்டுபோவது? அண்ணன் கொட்டிலுக்குள் போய் மூடி வைத்திருந்த பெற்றோல் போத்தலை எடுத்தார். விடியப் புறப்பட்டோம். ஐயாவைத் தலையணைகளுக்கு நடுவில் இருத்தி, பின்பக்கத்தில் என் சைக்கிளையும் ஒரு பையையும் கட்டினோம். நான் பக்கத்தில் நடந்தேன்.

றோட்டில் சனம் இறுகி நின்றது. மழை விட்டுவிட்டுப் பெய்தது. நாலடி நகர்வதும் நிற்பதுமாக இருந்தால் மண்ணெண்ணெயில் ஓடுகிற எஞ்சின் நூந்து நின்றுபோகும். ஒவ்வொரு தடவையும் பொனற்றைத் திறந்து பெற்றோல் விட வேண்டும். இருபாலை வருவதற்குள் போத்தல் முடிந்தது. அதன் பிறகு தள்ளினோம். அண்ணன் கதவோரம் நடந்து ஒரு கையால் சுக்கானைப் பிடித்தார். நான் பின்னால். காருக்குள் ஐயா நனைந்துகொண்டிருந்தார். நான் தைத்த கூரை ஒழுகியது.

செம்மணி என்கிற வெட்டவெளியில் தண்ணீர் நிறைந்த பள்ளமொன்றுக்குள் முன்சில்லு இறங்கியது. கம்பிகள் முறியும் சத்தம் கேட்டது. சில்லு மடிந்து, கார் ஒரு பக்கம் சரிந்தது. மோட்டார் சைக்கிள் கம்பி போட்ட சில்லு.

பின்னால் நின்றவர்கள் யாரும் ஏசவில்லை. தலையில் மூட்டையோடு நின்ற ஒருவர் மட்டும் கிட்ட வந்தார்.

"அண்ணை, குறை நினையாதேங்கோ. சனம் போகவேணும்."

"ஓம்" என்றார் அண்ணன். "பொறுங்கோ, ஐயாவை இறக்குறன்."

ஐயாவைச் சைக்கிள் கரியரில் இருத்தி என் சேலையொன்றால் ஆசனத்தோடு சேர்த்துக் கட்டினோம். பிறகு அண்ணனும் அந்த மனிதரும் இன்னும் சிலரும் சேர்ந்து காரைத் தூக்கி றோட்டுக் கரையால் தள்ளினார்கள். அது பாரமில்லாத கார். லேசாகப் போய்த் தண்ணீருக்குள் இறங்கிக் கதவளவுக்கு நின்றது. தள்ளியவர்களுக்கு அண்ணன் நன்றி சொன்னார். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். ஒரு பெண் கார் மூக்கில் ஏறியிருந்து தன் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

செம்மணிக்கு அப்பால் தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் வேறு நாலு குடும்பங்களோடு இருந்தோம். மழையில் பிடித்த சளி ஐயாவை விடவில்லை. மார்கழிக்கு முன்னரே போய்விட்டார். அண்ணன் கொள்ளி வைத்தார். ஈரவிறகு பற்ற நேரமெடுத்தது.

மழைக்காலம் முடிந்த பிறகொருநாள் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். தண்ணீர் இறைக்கிற மெசின் நின்றுவிட்டதாம், தோட்டம் காய்கிறதாம். கூட்டத்துக்குள் எஞ்சின் வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்களா என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்து அண்ணனுக்கு முன்னால் நின்றார்.

"தம்பிக்கு உந்த வேலை ஏதும் தெரியுமோ?"

அண்ணன் சுவரில் சாய்ந்து இருந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"இல்லை ஐயா. எனக்கு உது தெரியாது" என்றார்.

தோட்டக்காரர் தலையாட்டிவிட்டு அடுத்த வகுப்பறைக்குப் போனார். அங்கேயும் அதே கேள்வியைக் கேட்கிற குரல் எங்களுக்குக் கேட்டது.