கிணற்றின் மறுபாதி

அபுதாபியின் முசஃபாவில் லொறி உதிரிப்பாகக் கடையொன்றில் ஸ்டோர் பார்க்கும் தயாபரனுக்கு எந்தத் திருகாணி எந்தத் தட்டில் கிடக்கிறதென்று தெரியும். ஊர்க் கிணற்றின் பாதி யாரிடம் இருக்கிறதென்பதுதான் இரண்டு வருடமாகத் தெரியவில்லை.

யாழ்ப்பாணத்து உடுப்பிட்டியில் தகப்பன் எழுதிக் கொடுத்த நான்கு பரப்புக் காணி. மார்ச்சில் வேலை ஒப்பந்தம் முடிவதற்குள் அதில் வீடு கட்டத் தொடங்க வேண்டும். கிணறோ காணியின் நட்டநடுவில்; அதில் பாதிதான் அவருக்கு. “மற்றப் பாதிக்காரர் கையெழுத்து வைக்காமல் மூடினால் வழக்கு வரும்” என்று பத்திரம் எழுதும் நொத்தாரிசு சொல்லிவிட்டார். தயாபரன் கனடாவுக்கும் லண்டனுக்கும் கதைத்துப் பார்த்தார். சொந்தத்தில் ஒருவருக்கும் கிணறே நினைவில்லை.

கடைசியில் பழைய கடதாசிகளை, கூட வேலை செய்யும் என்னிடம் தந்தார். காணி உறுதிப் பத்திரம் தமிழில், பழைய வழக்கின் தீர்ப்பு ஆங்கிலத்தில். நான் இரண்டும் படித்தவன் என்ற தைரியம் அவருக்கு. எனக்கு அது இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் உட்கார்ந்து உரத்து வாசித்தேன். 1876. காணி தகப்பன் வழி வந்த தன் முதுசம் என்கிறார் அண்ணன் வேலாயுதர். தன் சீதனம் என்கிறாள் தங்கை, வீரகத்தி மனைவி வள்ளியம்மை. ஏழு வருட வழக்கு. காணி அண்ணனுக்கு, பாதிக் கிணறும் அதற்குப் போய்வரும் வழியும் தங்கைக்கு. அதற்குப் பிறகு யார் யாருக்கு எழுதினார்களோ, எனக்குத் தலை சுற்றியது.

“வீரகத்தியின்ர வள்ளியம்மையோ?” தேத்தண்ணியோடு வந்த தயாபரனின் மனைவி சுகந்தா நின்றுவிட்டார். “அது எங்கட அம்மா வழியெல்லோ!”

பாஸ்போர்ட் வைக்கும் பையிலிருந்து சுகந்தாவின் சீதன உறுதி வெளியே வந்தது. கலியாணத்தன்று கையெழுத்து வைத்து மடித்தது. பத்தொன்பது வருடமாக இருவரும் விரித்துப் பார்க்கவில்லை. வீடு, வயல், கடைசி வரியில் பாதிக் கிணறு.

தயாபரன் சிரித்தார். “கலாஸ், முடிஞ்சுது! உம்மட கையெழுத்துத்தானே.”

“ஆர் வைக்கிறன் எண்டது?”

“எங்கட வீடெல்லோ, சுகந்தா?”

“காணி உங்கட பேரில. கிணறு என்ர பேரில. வள்ளியம்மை ஏழு வருசம் வழக்குக்கு நடந்து எடுத்தது, மூடத் தாறதுக்கே?”

“அப்ப உம்மிலதான் நான் வழக்குப் போடவேணும்.”

“போடுங்கோவன். சாப்பிட்டிட்டுப் போடுங்கோ.”

“தம்பி, இதில நான் ஆரின்ர பக்கம்?” என்று தயாபரன் என்னைக் கேட்டார். 

பிறகு தயாபரன் கட்டப்போகும் வீட்டின் படத்தை விரித்து, கிணற்றை விட்டுச் சுவரை வளைத்துக் கீறினார். ஒரு அறை போய்விட்டது.

“குசினிக் கதவைக் கிணத்தடிப் பக்கம் வையுங்கோ” என்றார் சுகந்தா.

வைத்தார். பிறகு பென்சிலைக் கீழே வைக்காமலே கேட்டார்: “மகனுக்குக் காணியை எழுதினா, மகளுக்குக் கிணத்தை எழுதுறதோ?”

சுகந்தா தன் சீதன உறுதியை மறுபடி முதலிலிருந்து வாசிக்கத் தொடங்கியிருந்தார்.