ஏழு இன்டர்வியூவும் அப்பாவின் முகூர்த்த நாள் கணக்கும்

இன்று காலை மெயிலைத் திறந்ததும் நான் போட்ட சத்தத்தில் பாதி கூடலூர் எழுந்திருக்கும்!

முதலிலிருந்து சொல்கிறேன்.

டாக்டர் படிப்பு முடித்து, அமெரிக்காவில் மேற்படிப்பு (ரெசிடென்சி என்பார்கள்) படிக்க விண்ணப்பித்திருந்தேன். ஏழு ஆஸ்பத்திரிகளிலிருந்து இன்டர்வியூவுக்கு அழைப்பு!

ஜாலிதானே என்பீர்கள். எல்லாமே ஜனவரியில், ஏழும் ஏழு மூலையில். வியாழக்கிழமை டெட்ராய்ட், மறுநாள் விடிந்ததும் ஹூஸ்டன். எப்படிக் கூட்டிக் கழித்தாலும் ஐந்துக்குத்தான் போக முடியும். இரண்டு பேருக்கு வரவில்லை என்று எழுதிவிட வேண்டும்.

எழுதக் கை வரவில்லை. நான் விடுகிற இரண்டில்தான் எனக்கான இடம் இருந்தால்? இன்னொரு வருஷம் அதே அறை, அதே புத்தகம். பத்து நாளாகச் சோறு இறங்கவில்லை. (பொய். பிரியாணி இறங்கியது.)

விஷயம் அப்பா காதுக்குப் போனது.

அப்பாவுக்குத் திராட்சைத் தோட்டம். ஆனால் அவர் திறமையை முகூர்த்த நாளில் பார்க்க வேண்டும். சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று ஒரே காலையில் நாலு கல்யாணம் பார்ப்பார். நாலு பந்தியிலும் உட்கார்ந்து எழுவார். சாப்பிடாமல் வந்தால் மரியாதையில்லையாம்!

"கூப்புட்டாகல்ல? போகலைன்னா நாளப்பின்ன என்ன நெனைப்பாக?"

"அப்பா, இது கல்யாணமில்ல!"

"மொறையாப் பத்திரிகை வச்சிருக்காகல்ல தாயி. அம்புட்டுத்தான்."

என் பழைய பள்ளிக்கூட அட்லஸையும் சிவப்புப் பேனாவையும் எடுத்து உட்கார்ந்துவிட்டார்.

"டெட்ராய்ட்டுல காலையில மொகத்தக் காட்டிட்டு, சாயங்காலம் ஹூஸ்டனுக்குக் கெளம்பிற வேண்டியதுதான. படத்துல நாலு வெரக்கடை தூரம்தான இருக்கு?"

"அந்த நாலு வெரக்கடைக்கு பிளைட்டுல மூணு மணி நேரம்ப்பா. பனி கொட்டுச்சுன்னா பிளைட்டும் கெடையாது."

அடுப்படியிலிருந்து அம்மா: "அங்கன ஜீப்பு ஓடாதா?" (குமுளிக்கு நிமிஷத்துக்கொரு ஜீப் ஓடும் ஊர்க்காரி வேறெப்படிக் கேட்பாள்!)

அப்பா அடுத்த கேள்விக்குப் போனார். "சரி, இதுல நமக்குச் செஞ்சவுக யாரு?"

யோசித்துப் பார்த்தேன். விசா கடிதம் கேட்டபோது ஹூஸ்டன் ஆபீஸ் அம்மா மட்டும் என் பெயரைப் போட்டு இரண்டு முறை பொறுமையாகப் பதில் எழுதியிருந்தார். நியூயார்க் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்று, மூன்று முறை கேட்டும் வாயே திறக்கவில்லை.

"நம்ம வீட்டுக் காதுகுத்துக்கு வராதவுக வீட்டுக்கு நாம எதுக்குப் போகணும்? அதை அடிச்சு விடு!"

நியூயார்க் அவுட். ஹூஸ்டன் உறுதி. அப்படியானால் விட வேண்டிய இன்னொன்று டெட்ராய்ட். ஆனால் அது பெரிய பேருள்ள ஆஸ்பத்திரி. எனக்கு மனசே வரவில்லை.

அப்பாவுக்கும்தான். "பெரிய எடம். சும்மா விட்டுறக் கூடாது. நீ போக முடியலைன்னா நம்ம சார்பா ஒரு ஆளை அனுப்பணும். தம்பியை அனுப்புவமா?"

தம்பி பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படிக்கிறான்! டெட்ராய்ட் டாக்டர்கள் முன்னால் அவனை நினைத்து வயிறு வலிக்கச் சிரித்தேன்.

சிரித்து முடிப்பதற்குள் முத்துலட்சுமி நினைவுக்கு வந்தாள்.

ஆண்டிபட்டிக்காரி. வீட்டில் தறி. மதுரையில் என்னோடு டாக்டருக்குப் படித்தவள், என்னைவிட மார்க் அதிகம். அவளுக்கு வந்ததோ ஒரே ஒரு அழைப்பு. அதுபோக, டெட்ராய்ட்டில் வெயிட்டிங் லிஸ்டில் வைத்திருந்தார்கள். போன வாரம்தான் போனில், "யாராச்சும் கேன்சல் பண்ணுனாத்தான்டி எனக்கு" என்றாள். "கெடைச்சுரும்டி, கவலைப்படாத" என்று ஆறுதல் சொன்னேன். போக முடியாத இடத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு சொன்ன ஆறுதல்! வெட்கமாக இருந்தது.

உடனே அவளுக்குப் போன் போட்டேன்.

"நான் டெட்ராய்ட்டை கேன்சல் பண்றேன். மறு நிமிஷமே 'எனக்கு இடம் இருக்கா'ன்னு மெயில் தட்டி விடு."

"லூசாடி நீ? எம்புட்டுப் பெரிய எடம்!"

"எனக்கு ஹூஸ்டன் போகணும். அந்தம்மா என்னையப் பேரு சொல்லிக் கூப்புட்டுருச்சு."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். அவள் ஏதாவது சொல்லி நானும் அழுவதற்குள் போனை வைத்துவிட்டு, கேன்சல் மெயிலை அனுப்பினேன்.

இன்று காலை வந்தது முத்துவின் மெயில். டெட்ராய்ட் கூப்பிட்டுவிட்டது. அதே வியாழக்கிழமை, என்னுடைய அதே நேரம்!

ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன். அட்லஸைத் திறந்து, டெட்ராய்ட் பக்கத்தில் சிவப்புப் பேனாவால் நிதானமாக எழுதினார்: 'முத்துலட்சுமி. நம்ம சார்பு.'

மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அந்தப் புள்ளகிட்ட ஒண்ணு சொல்லிரு தாயி. அங்கன சாப்புடாம வந்துறக் கூடாது. நம்மளத்தான் தப்பா நெனைப்பாக."